காயும்வரை பேசக்கூடாது

அப்பா,

முகத்தில் மண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முல்தானி மட்டி, பன்னீர், ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள். அதே வாசனை. காயும்வரை பேசக்கூடாது என்பதால் எழுதுகிறேன். எதிரே உங்கள் அக்காவும் இதே கோலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அது எப்படி நடந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்களுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. எந்தக் கல்யாண ஆல்பத்திலும் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றியாகத்தான் இருப்பீர்கள். பணி ஓய்வு விழாவுக்கு முந்தின மாலை என் அறை வாசலில் வந்து தயங்கி நின்றீர்கள்.

“நாளைக்கி போட்டோலயாவது மனுஷன் மாதிரி தெரியணும் பாப்பா. அந்த மண்ண எனக்கும் கொஞ்சம் பூசேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

வேங்கிக்கால் வெயிலில் முப்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய முகம். பூசிவிட்டேன். ஃபேனுக்குக் கீழே இருந்த கால் மணி நேரத்தில் எட்டு முறை “ஆச்சா?” என்றீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கன்னத்தில் ஒரு விரிசல். விரலை உதட்டில் வைத்து அடக்கினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், மீதி மண்ணைக் குழைத்து நீங்களே பூசிக் காயவைத்துக் கழுவியும் இருந்தீர்கள்.

“நீ மஞ்சள கம்மியா போட்டுட்ட. நான் ஜாஸ்தியா போட்டேன்.”

“எந்த டப்பாப்பா?”

“மொளகாத்தூள் பக்கத்துல இருந்துச்சே.”

குழம்பு மஞ்சள். கடலைமாவு, தேங்காய் எண்ணெய், சோப்பு, எதற்கும் அது அசையவில்லை. கழுத்துவரை மஞ்சள், அதற்குக் கீழே நீங்கள்.

அலுவலகத்தில் முதலில் பார்த்தவரே, “சார், மஞ்சக்காமாலையா?” என்று பதறினார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்களோ தலையைக் குனிந்துகொண்டு, “ரெண்டு நாளா பசியே இல்லீங்க” என்றீர்கள். உங்களுக்காகப் போட்ட விருந்தில் எல்லாரும் வடையும் பாயசமும் சாப்பிட, உங்கள் இலையில் மட்டும் உப்பில்லாத மோர் சாதம். பக்கத்து இலை வடையை நீங்கள் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

செய்தி எட்டியதும் அடி அண்ணாமலையிலிருந்து அத்தை கீழாநெல்லியோடு வந்து இறங்கினார். மூன்று நாள் அரைத்துக் கொடுத்தார். மூன்று நாளில் மஞ்சள் தானாகவே மங்கியது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாருக்குக் கண் மஞ்சளித்தாலும் அத்தையைத்தான் தேடி வந்தார்கள்.

போன வருடம் உங்கள் இதயம் நின்றபோது, மாலை போட வீட்டில் இருந்த ஒரே முழுமுகப் படம் அந்த விழாவில் எடுத்ததுதான். “கலர மாத்திடட்டுமா மேடம்?” என்றார் ஸ்டுடியோக்காரர். வேண்டாம் என்றுவிட்டேன்.

வருஷத் திதிக்கு வந்த அத்தை இன்று காலை அந்தப் படத்தின் முன்னால் உடைந்துபோனார். “மூணு நாளோட நிறுத்திட்டேன்டி. இன்னும் ஒரு வாரம் குடுத்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான்.” இதயம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவே இல்லை. ஒரு வருடமாகத் தன்னையே குற்றவாளியாக வைத்திருந்திருக்கிறார்.

சொல்லிவிட்டேன் அப்பா. டப்பா வரைக்கும்.

படத்தின் அருகே போய் உங்கள் மஞ்சள் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

“அப்ப நான் குடுத்த கீழாநெல்லி?”

“மூக்கப் புடிச்சிக்கினு குடிச்சாரு அத்தை.”

“கசக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே, பாவிப்பய!”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் இருமினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த மண்ணு இன்னும் இருக்குதாடி? யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இதோ, நான்காவது முறையாக “ஆச்சா?” என்கிறார். விரலை உதட்டில் வைக்கிறேன். அவருடைய கன்னத்தில், உங்களுக்கு விழுந்த அதே இடத்தில், ஒரு விரிசல். சிரித்ததில் என்னுடைய மண்ணும் இப்போது விரிசல் விட்டுவிட்டது.