எஞ்சின் இல்லாத ரயில்

ரெங்கம்,
டிசம்பர் 2

அன்பு மகள் கிறிஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் இங்கே உடம்புக்குக் குறைவில்லை, டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்கத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. தம்பி லெஸ்லி தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வந்து பாலத்து நெரிசலிலேயே பாதி ஆயுசைக் கழிக்கிறான். நான் பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டேன், போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் பசியாற ரொட்டி சானாய் வாங்கும் கடை ரபீக்கின் மகள் ஷைமா இந்த வருடம் என் வகுப்பு. ஆறு வயது, பிறவியிலேயே நடக்க வராது, சக்கர நாற்காலிதான். முதல் வாரம் பாட்டு நின்றதும் நாற்காலி பிடிக்கும் விளையாட்டு வைத்தேன், அவள் சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு அதை நிறுத்திவிட்டு யாரும் அவுட் ஆகாத விளையாட்டாகத் தேடித் தேடி வைத்தேன். பாட்டு நின்றால் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும், மைலோ டின்னில் அரிசி போட்டுத் தாளத்துக்கு ஆட்ட வேண்டும். ரயில் பாட்டுக்கு ஷைமாவின் நாற்காலிதான் எஞ்சின். அவள் கூவினால்தான் மற்ற பதினெட்டுப் பிள்ளைகளும் நகரும், அவள் கையை உயர்த்தினால் நிற்கும். வருடம் முழுக்க அந்தப் பிள்ளை ஒருநாள் லீவு போடவில்லை.

நவம்பர் கான்செர்ட்டுக்கும் அதே ரயில்தான். ஒரு வாரம் இருக்கும்போது பிரின்சிபல் கூப்பிட்டு, மேடை சின்னது டீச்சர், வீடியோல லைன் கலைஞ்சு தெரியும், அந்தப் பிள்ளைய கீழ முன்னால உட்கார வச்சுக் கைத்தட்ட விடலாம்லா என்றார். சண்டை போட்டேன் என்று உனக்குப் பொய் எழுதலாம். போடவில்லை மகளே. பதினொரு வருடம் வேலை பார்த்த இடம், முகம் கோண வேண்டாம் என்று சரியென்றேன்.

அன்று ஷைமா எஞ்சின் டிரைவர் தொப்பியோடு தன் அப்பா பக்கத்தில் கீழே இருந்தாள். பாட்டு தொடங்கியதும் அங்கிருந்தே கூவினாள், கையை உயர்த்தினாள். மேடையில் ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் எல்லாரும் எழுந்து தட்டினார்கள், நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை, வீட்டுக்குப் போனேன். ரபீக் குறை சொல்லவில்லை. நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர், ஆனா இப்ப பாட்டுப் போட்டாலே காதைப் பொத்திக்கிறா என்றார். ஷைமா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், டீச்சர் நான் சரியா கூவலையா என்று. நீ சரியாகத்தான் கூவினாய், தப்பு என்னுடையது என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு இரண்டு தடவை போயும் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் புது ஆண்டுச் சேர்க்கைக்கு நோட்டீஸ் அடித்தார்கள். அதில் ஷைமா எஞ்சினாக முன்னால், பிள்ளைகள் பின்னால், என் வகுப்பில் எடுத்த படம். இங்கே எல்லாக் குழந்தைகளும் சமம் என்று கீழே எழுத்து. பிரின்சிபலிடம் அதை எடுத்துவிடுங்கள் என்றேன், நல்லாதானே இருக்கு டீச்சர் என்றார். வகுப்புச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதைக் கான்செர்ட்டுக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும்.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. பள்ளியின் ஃபேஸ்புக்கிலும் போட்டிருக்கும் அந்தப் படத்துக்குக் கீழே, என் அம்மாவை நினைத்தால் பெருமை என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றைக்கே அழித்துவிடு. ரபீக்கும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்.

உன் அம்மா
வினிஃப்ரெட்