டைபாய்டு என்று சொன்ன வீடு

ஜூலை 24, சனி

ஆடிக் காற்று. வார்டு ஜன்னல் ஒன்றுக்குக் கொக்கி இல்லை, விடிந்ததிலிருந்து டமால் டமால். துப்பட்டா நுனியைக் கிழித்துக் கட்டினேன். அதற்குள் சஃபி எழுந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

எடுத்துவர மறந்தவை: சீப்பு, சார்ஜர், அவள் தலையணை, என் பொறுமை.

பக்ரீத் அன்று ஆரம்பித்த காய்ச்சல். உத்திரமேரூரில் காட்டிய டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. கறி சாப்பிட்டாளா? பக்ரீத்துக்குக் கறி சாப்பிடாமல் கத்தரிக்காயா சாப்பிடுவாள்? "செரிக்கல" என்று சிரப் எழுதிக் கொடுத்தார். மாமியாரும் அதையே சொல்லி ஓமத்தண்ணீர் வைத்தார். ஆக இரண்டு டாக்டர். என் வீட்டுக்காரர் மூன்றாவது. "திங்கக்கெழம வரைக்கும் பாக்கலாம். சும்மா சும்மா பேஜார் பண்ணாத." நேற்று வாந்தி நிற்காமல், இரண்டு கண்ணும் செக்கச் செவேலென்று ஆகி, பிள்ளை துவண்டு விழுந்த பிறகுதான் ஆட்டோ கூப்பிட்டார். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

குழந்தைகள் கொரோனா வார்டில் கட்டில். டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். கூட ஒரு ஆள்தான் இருக்கலாம், அதுவும் அம்மா. இவர் வெளியே புங்கமரத்தடியில் நின்றுகொண்டு போன் போடுகிறார்.

"இன்னா பண்றா?"

"படுத்துக்கினு கீறா."

"சாப்ட்டாளா?"

"வாந்தி எடுக்கறவ இன்னா சாப்டுவா?"

இதே பேச்சு காலையில், மதியம், சாயங்காலம். பதில் மாறினால் நானே கூப்பிட்டுச் சொல்ல மாட்டேனா?

பக்கத்துக் கட்டில் காவாந்தண்டலத்துப் பெண். கைக்குழந்தை இருமுகிறது, இவள் போனில் சீரியல், ஊருக்கே கேட்கிற சத்தம். நடுவே எனக்குக் கேள்வி. "ஒரே பொண்ணாக்கா? இன்னோன்னு பெத்துக்கலையா?" என் பதிலுக்குக் காத்திராமல் சீரியலுக்குத் திரும்பிவிட்டாள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா சஃபியின் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க சிவப்பு. "மருதாணி டாக்டர், பெருநாளுக்கு வெச்சது" என்றேன். நல்லா பத்தியிருக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை. நான் அரைத்த மருதாணி. பக்கத்து வீட்டுக் கலாக்கா தோட்டத்து இலை. சஃபிக்கும் கலாக்கா பெண் யமுனாவுக்கும் ஒன்றாக உட்காரவைத்து வைத்துவிட்டேன். இரண்டும் அடங்காமல் கையை மூடித் திறந்து உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டன. மறுநாள் சஃபி கைதான் அதிகச் சிவப்பு. சூட்டு உடம்பு, அதான் இப்படிப் பிடித்திருக்கிறது என்று மாமியார் சொல்லி, எல்லோருமாக ரசித்தோம்.

ஜூலை 25, ஞாயிறு

டெஸ்ட் முடிவு: கொரோனா இல்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்." என்ன சொன்னார்? எப்போது சொன்னார்? காய்ச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உதடு வெடித்து ரத்தம். வெண்ணெய் தடவினேன். "அம்மா, எரியுது" என்று அழக்கூடத் தெம்பில்லை பிள்ளைக்கு. ராட்சசி மாதிரி குதிப்பவள். என்னால் பார்க்க முடியவில்லை.

கலாக்கா போன். காலையில் ஒன்று, இப்போது ஒன்று. "எப்டி கீறா எங்க சஃபி? யமுனா சாப்பாட்ட தொட மாட்றா, அவளையே கேட்டுக்கினு கீறா." நல்ல மனசுதான், ஆனால் என் போனில் சார்ஜ் இல்லை. சுருக்கமாகப் பேசி வைத்தேன்.

மத்தியானம் டாக்டரம்மா மறுபடி வந்தார். போர்வையைக் கால் பக்கம் தூக்கினார். பாதம் வீங்கியிருந்தது. உள்ளங்கால் சிவப்பு.

"காலுக்கும் மருதாணி வச்சீங்களா?"

"இல்லியே டாக்டர்."

அவர் கையை எடுத்துப் பார்த்தார். காலைப் பார்த்தார். கண்ணைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மருதாணிக்கு அடியில் கையும் அப்படித்தான் சிவந்திருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்கு நோய் ஏறியிருக்கிறது, நாங்கள் நிறம் பிடித்ததாக நினைத்துக் கைதட்டியிருக்கிறோம்.

"போன மாசம் வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சா? அட்மிஷன்ல இல்லைன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொரோனா போய் சில வாரம் கழிச்சுக் குழந்தைங்களுக்கு இப்படி வருது. இதயத்தப் பாதிக்கும். இதுதான்னா வேற மருந்து, இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

யோசிக்க என்ன இருக்கிறது? ஜூனில் மாமியாருக்குக் காய்ச்சல், அடுப்பில் கருவாடு தீய்ந்து வீடே நாறுகிறது, அவருக்கு மட்டும் வாசனை தெரியவில்லை. அடுத்து இவருக்கு. அடுத்து எனக்கு. சஃபிக்கு ஒரு நாள் உடம்பு சுட்டது, மறுநாள் ஓடிவிட்டாள். யாரும் டெஸ்ட்டுக்குப் போகவில்லை. "டைபாய்டுன்னு சொல்லு. வாசல்ல தகரம் அட்ச்சிட்டா கடைய எவன் தொறப்பான்?" இவர் உத்தரவு. ஃபேன்சி ஸ்டோர், கீழே கடை, மேலே வீடு. தெரு முழுக்க அப்போது டைபாய்டுதான். எங்கள் ஊரில் கொரோனா வந்தது ரொம்பக் கொஞ்ச வீட்டில், தகரம் அடித்த வீட்டில் மட்டும்.

"வந்துச்சு டாக்டர். பெரியவங்க மூணு பேருக்கும். டைபாய்டுன்னு பொய் சொன்னோம்."

காவாந்தண்டலத்துக்காரி சீரியலை நிறுத்தினாள். நாங்கள் வந்ததிலிருந்து முதல் முறை.

டாக்டரம்மா திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, நர்ஸைக் கூப்பிட்டு மடமடவென்று மருந்துப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏன் சொன்ன? டெஸ்ட்லதான் இல்லன்னு வந்துட்ச்சே!" என்கிறார். கட் செய்துவிட்டேன். கல்யாணமாகி முதல் தடவை.

ஜூலை 26, திங்கள்

வெயில். ரத்தப் பரிசோதனையில் கொரோனா வந்துபோனது தெரிகிறதாம். இனி யாரும் மறுக்க முடியாது, இவரைத் தவிர.

கண்ணாடி பாட்டிலில் மருந்து, சொட்டுச் சொட்டாக. நர்ஸ் வந்து வந்து பிரஷர் பார்க்கிறாள். இறங்கினால் பெரிய வார்டுக்கு மாற்ற வேண்டுமாம். நான் பாட்டிலைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா, நர்ஸ் முகத்தைப் பார்ப்பதா? மூன்றையும் பார்த்துக் கழுத்து வலி.

மாமியார் போன். யாரோ கண் வைத்துவிட்டார்களாம், அவ்வளவு அழகாகச் சிவந்த கையை. எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அழுதுகொண்டே சொன்னதால் விட்டேன்.

இதயத்துக்கு ஸ்கேன் நாளைக்கு. யா அல்லாஹ், இவரை, மாமியாரை, என்னை என்ன வேண்டுமானாலும் செய். இவள் என்ன செய்தாள்?

ஜூலை 27, செவ்வாய்

ஸ்கேன். நெஞ்சில் பசை தடவினதும் "ச்சீ, ஜில்லுனு கீது" என்று முகத்தைச் சுளித்தாள். இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் குறை. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரத்தக் குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மருந்தில் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா?" என்று கேட்டேன். டாக்டரம்மா, "அதை ஏன் கேக்கறீங்க" என்றார். அது பதில்தான்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. நானும் காவாந்தண்டலத்துக்காரியும் ஒரு டீயைப் பாதியாக்கிக் குடித்தோம். அவள் குழந்தைக்கும் இருமல் குறைவு. பெயர் செல்வியாம். இன்றுதான் கேட்டேன்.

ஜூலை 29, வியாழன்

இரவு மழை, காலையில் புழுக்கம். சஃபி இட்லியைத் தள்ளிவிட்டுப் பரோட்டா கேட்கிறாள். விரல் நுனியில் தோல் உரிகிறது. நோய் போகும்போது அப்படித்தானாம். உரித்து உரித்து என் மடியில் போடுகிறாள்.

கலாக்கா போன். குரல் சரியில்லை.

"யமுனாக்கு முந்தாநேத்துல இருந்து ஜொரம் மும்தாஜு. வயிறு வலிக்குதுன்றா. எல்லாம் ஏக்கம். சஃபி இல்லாம ஏங்கிப் போய்ட்டா. மந்திரிச்சி கயிறு கட்டிக்கினு வந்தோம். நீ ஒன்னும் மனசுல வெச்சிக்காத, உன் பொண்ணப் பாரு."

"கண்ணு செவந்துக்கீதா அக்கா?"

"அழுதுக்கினே கீறா இல்ல, செவக்காதா?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஜூனில் எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்துக் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துத் தூக்கில் கொண்டுவந்தது அவர்தான். மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டவரும் அவர்தான். டைபாய்டுதானே, ஒட்டாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யமுனா எங்கள் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அக்காவுக்கு ஒரு வாரம் உடம்பு வலி. தறி வேலை அசதி என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இவரைக் கூப்பிட்டேன்.

"சும்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு மட்டும் சொல்லு. நம்ப வூட்டு விஷயம் எதுக்கு? தெருவுக்கே தெரிஞ்சிடும். அப்பறம் எவன் கடைக்கு வருவான்?"

"கொரோனான்னு சொன்னாதான் டாக்டருக்குத் தெரியும். இல்லன்னா செரிக்கலன்னு சிரப் குடுப்பாங்க. நம்ப பொண்ணுக்குக் குடுக்கல?"

"எல்லாருக்கும் அப்டியே வருமா? வெறும் ஜொரமா கூட இருக்கும்."

"இருக்கட்டும். அப்டி இருந்தா நமக்குக் கெட்ட பேரோட போவும், இல்லன்னா அவ உசுரு போவும்."

அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை.

கலாக்காவுக்கு அடித்தேன். உட்கார்ந்து பேச முடியவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, ஏக்கம் இல்ல. உடனே இங்க கூட்டிக்கினு வா. எங்க வூட்டுக்கு வந்தது டைபாய்டு இல்ல, கொரோனா. அதனாலதான் சஃபிக்கு இப்டி ஆச்சி. யமுனாக்கும் அதுவா இருக்கலாம். வந்ததும் டாக்டர் கிட்ட மொதல்ல அதத்தான் சொல்லணும், பக்கத்து வூட்ல கொரோனான்னு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"நான் ரசம் வெச்சி எட்த்துக்கினு வந்தேனே மும்தாஜு. எம் பொண்ணயும் இஸ்துக்கினு வந்தேனே. வாசல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கணும். நாளைக்கு வந்து செருப்பால அடி, வாங்கிக்கறேன். இப்ப கெளம்பு அக்கா."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சஃபி யாரும்மா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இனி அந்தத் தெருவில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லாமல் போகட்டும், அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தால் போதும்.

பரோட்டா வந்தது. பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். போன். கலாக்கா. பின்னால் ஆட்டோ சத்தம், யமுனா அழுகிற சத்தம். என் பெயரைச் சொல்லவில்லை, சஃபியை விசாரிக்கவில்லை.

"எந்த கேட்டு வழியா உள்ள வரணும்?"