ஒரே வீட்டில் இரண்டு அலமேலு

1984 மார்ச், வியாழன் இரவு

கண்ணை மூடினால் அந்த இரண்டு பெண்களும் வந்து நிற்கிறார்கள்.

தேர்வுப் பிரிவு, நூலகம், விடுதி என்று பல்கலைக்கழகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மாணவர் விவரங்களை ஒரே கம்ப்யூட்டரில் சேர்க்கிறோம். பெயர், இனிஷியல், விலாசம் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பது டைரக்டர் போட்ட விதி. எங்கள் வலியசாலை அக்கிரகாரத்தில் பாட்டி பெயரைத்தான் எல்லாப் பேத்திகளுக்கும் வைப்போம் என்று அப்போதே சொன்னேன்.

"ஒரே வீட்டில, ஒரே பேரில ரெண்டு பேரா? அதொண்ணும் வராது, கேட்டோ" என்று தன் மலையாளத் தமிழில் சிரித்தார்.

இன்று என் அடுத்த வீட்டு அலமேலுகள் இருவரும் ஆபீஸுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி பெண்கள், ஒரே வகுப்பு. அப்பாக்கள் சுப்பிரமணியன், சுந்தரம், இரண்டுமே எஸ். திங்கட்கிழமைப் பரீட்சைக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே ஹால் டிக்கெட் வந்திருக்கிறது.

டைரக்டர் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டில எப்படிக் கூப்பிடும்?"

"இவ பேபி, நான் குட்டி."

அலமேலு பாட்டி பெயர்; மாமியார் பெயரை மருமகள்கள் வாயால் சொல்ல முடியாதே, அதனால்தான் இந்தச் செல்லப் பெயர்கள். கம்ப்யூட்டர் கார்டில் பேபிக்கும் குட்டிக்கும் இடமில்லை.

அதே நம்பரில் இன்னொரு டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் விதியை மாற்ற மாட்டாராம். நாளை நூலகக் கார்டுகளையும் இதே விதிப்படி சேர்க்க வேண்டும்.

படியிறங்கும்போது குட்டி திரும்பினாள். "மாமி, மெஷின்ல இருக்கறவ யாரு? நானா, இவளா?"

ரெண்டு பேரும்தான் என்று சொல்லி அனுப்பினேன். இருவர் எழுதும் பரீட்சைக்கு ஒரு மார்க்தான் வரும் என்பதைச் சொல்லவில்லை.