ஹவானா வெயிலில் ஒழுகிய கணப்பு

வணக்கத்திற்குரிய அம்மாவே, அப்பாவின் காரை விற்கத் துடிக்கும் அண்ணன் எவெலியோவே, கேளுங்கள்!

அம்மா, முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம்.

“தண்ணி குடிக்கிற பொணம்” என்று நம் வண்டியைப் பழித்தாயே, அண்ணா! குழாய்களை மாற்றியும் இயந்திரத்தின் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. தரையில் சொட்டுகூட இல்லை. நேற்று முன்னிருக்கைப் பயணி அலறினார்: “ஏம்மா, டாக்சிக் காசுல கால் கழுவ வெந்நீருமா?”

கால்விரிப்பைத் தூக்கினேன். வண்டியைச் செய்த குளிர்நாட்டுக்காரர்கள் வெதுவெதுப்புக்காக அன்று பொருத்திய, இயந்திரத்தின் வெந்நீர் ஓடும் கணப்புப் பெட்டி ஒழுகியது! இந்த ஹவானாவில் கணப்பை எவர் நினைப்பார்? அதை விலக்கிவிட்டு, அதற்குப் போய்வந்த இரண்டு குழாய்களையும் நானே நேராக இணைத்தேன். இன்று முழுதும் ஓட்டினேன், நீர்மட்டம் இறங்கவில்லை!

அம்மா, காப்பிப்பொடி அனுப்புங்கள். ஒருத்திக்கு மட்டும் காய்ச்சினால் ருசிப்பதில்லை, பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்தே காய்ச்சுகிறேன்.

பயணிகள் அழைக்கிறார்கள். அண்ணா, காரை வாங்க வந்தவரை இக்கடிதம் கண்டதுமே திருப்பி அனுப்பு!

மகள் ஒடாலிஸ்