கேன்டர்பரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை

ராம்ஸ்கேட், இங்கிலாந்து
18-10-1907

என் மாமாவுக்கு ரத்தினம் எழுதுவது. குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அல்லது குதிரைக்கு மட்டும் கொள்ளு அவித்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறீர்களா?

ஒரு சேதி. துரைசானி எனக்கு ஒருநாள் விடுப்புக் கொடுத்திருக்கிறார். வந்த ஒன்பது மாதத்தில் இதுதான் முதல் விடுப்பு. ஜனவரி பத்தாம் தேதிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அன்றோடு நம் மகள் தையல்நாயகி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். இங்கே நம் கோவில் ஏது? ரயிலில் கொஞ்ச தூரம் போனால் கேன்டர்பரியில் எண்ணூறு வருஷத்துப் பெரிய கோவில் இருக்கிறதாம், சமையல்காரி சொல்கிறாள். யார் சாமியாக இருந்தால் என்ன, பிள்ளை பேரைச் சொல்லிக் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். ஞாயிறு தவறாமல் உங்கள் துரையை வண்டியில் கொண்டுபோய் அவர்கள் கோவில் வாசலில் இறக்கிவிடுகிறவர் நீங்கள். எப்படிப் போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், எழுதுங்கள்.

இன்னொன்று. ஜனவரிக் கடைசியில் ஒரு குடும்பம் சிங்கப்பூருக்குக் கப்பலேறுகிறது. அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நானும் வந்துவிடலாம். துரைசானியோ இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார். "சொந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடக்க, வெள்ளைக்காரன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடப் போனவள்" என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லைத் தாங்காமல்தான் இந்தத் துரைசானி வீட்டாரோடு கிளம்பி வந்தேன். இப்போது நீங்களே சொல்லுங்கள். வரட்டுமா, இருக்கட்டுமா?

உங்கள்
ரத்தினம்

*

குதிரை லாயம், ஜாலான் புசார், சிங்கப்பூர்
20-11-1907

ரத்தினத்துக்கு மருதப்பன் எழுதுவது. கடிதம் வந்தது. நான் சாப்பிடுகிறேன்.

கோவில் விஷயம். முதல்நாளே டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றி வைத்துக்கொள். காலை வண்டியிலேயே போய்விடு, இருட்டுவதற்கு முன் திரும்பிவிடு. நம் யாக்கூப் பாய் முன்பு கப்பலில் லண்டன் வரை போனவர். அவரிடம் கேட்டேன். "சகோதரிக்கு எழுதுங்க, ரவிக்கைக்குள்ள பழைய பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டா குளிர் ஏறாது" என்றார். அப்படியே செய். சுக்கு ஒரு துண்டு வாயில் இருக்கட்டும். அன்றைக்குக் கவிச்சி வேண்டாம், தலைக்குக் குளித்துவிட்டுப் போ. வெள்ளைக்காரர் பூட்சோடுதான் உள்ளே போவார்கள், நான் பார்த்திருக்கிறேன். நாம் அப்படிப் போகலாமா? வாசலிலேயே கழற்றிவிடு. தேங்காய் கிடைக்காது. ஏதாவது ஒரு பழம் வை. வெறுங்கையோடு போகாதே.

வருவதும் இருப்பதும் உன் இஷ்டம்.

மருதப்பன்

*

ராம்ஸ்கேட்
11-1-1908

மாமாவுக்கு,

போய்விட்டு வந்தேன். பேப்பர் மடித்து வைத்ததால் நடக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். ரயிலில் எதிரே இருந்த கிழவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். யாக்கூப் பாயிடம் சொல்லுங்கள், குளிர் ஏறவில்லை, மானம்தான் போயிற்று.

கோவிலைப் பற்றி எப்படி எழுதுவேன்! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன், தரை ஐஸ்கட்டி. ஒரு தூணடியில் உட்கார்ந்து பழத்தை வைத்தேன், ஆரஞ்சு. தையல் பேரைச் சொன்னேன். அழவேண்டும் என்று போகவில்லை, ஆனாலும் அழுதேன். எழுந்து வாசலுக்கு வந்தபோது கறுப்பு அங்கி போட்ட ஒரு பெரியவர் பின்னாலேயே ஓடி வந்தார். ஒரு கையில் என் செருப்பு, மறுகையில் என் ஆரஞ்சு. நான் இரண்டையும் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார், பாவம். சாமிக்கு வைத்தது என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. பிரசாதம் என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ரயிலில் அதை உரித்துப் பாதி தின்றேன். பிரசாதத்தில் மறுபாதியை உங்களுக்குக் கொடுத்துத்தானே பழக்கம்? கை தானாக நீண்டது. பக்கத்தில் நீங்கள் இல்லை.

"உன் இஷ்டம்" என்று எழுதிவிட்டீர்கள். என் காலுக்கும் தலைக்கும் அவ்வளவு எழுதத் தெரிந்தவருக்கு "வா" என்று ஓர் எழுத்து எழுத வரவில்லை. போகட்டும். என் இஷ்டத்தை நானே சொல்கிறேன். வருகிறேன். இருபத்தைந்தாம் தேதி கப்பல்.

ரத்தினம்

*

ஜாலான் புசார்
9-2-1908

என் ரத்தினத்துக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. இந்நேரம் நீ சூயஸ் தாண்டியிருப்பாய். தஞ்சோங் பகார் துறையில் நீ இறங்கியதும் உன் கையில் கொடுப்பேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

உன்னை "வா" என்று கூப்பிட ஆசை இல்லாமலா இருந்தேன்? கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. தையல் போன அன்றைக்குக் காலையில் "நீ வேலைக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன், அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. மத்தியானம் காய்ச்சல் ஏறியது. "அம்மாகிட்ட தூக்கிட்டுப் போப்பா" என்று பிள்ளை கேட்டாள். ஒருமுறை அல்ல, பலமுறை. நீ வேலை பார்த்த பங்களா நாலு தெரு தள்ளித்தான். லாயத்தை விட்டுப் போனால் துரை கோபிப்பாரே என்று நான் போகவில்லை. சாயங்காலம் நீ வந்து அவளைத் தூக்கியபோது அவளுக்கு நினைவில்லை. உன்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அதை என் தலையில் வைத்துக்கொள்ள முடியாமல் உன் தலையில் இறக்கினேன். தப்பு முழுக்க என்னுடையது, ரத்தினம்.

வண்டியைத் துறைமுக வாசலில் நிறுத்தியிருப்பேன். படித்துவிட்டு ஏறுவதானால் ஏறு. என்னோடு வரப் பிடிக்காவிட்டால், யாக்கூப் பாய் சம்சாரம் உனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார். அங்கேயே கொண்டுபோய் விடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை நான் குதிரைப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

மருதப்பன்