திரைக்குப் பின்னால் ஓர் இருமல்

1946 ஏப்ரல் 28, ஞாயிறு

அவர் ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஆம்புலன்ஸ் இன்று வேலை முடிந்து வாசலுக்கு வந்துவிட்டது. கச்சேரி ரோட்டில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். யுத்தம் முடிந்து கழித்துவிட்ட வண்டிகளைச் சிலர் லாரியாக்கினார்கள், சிலர் பஸ்ஸாக்கினார்கள். என் வீட்டுக்காரர் வீடாக்கியிருக்கிறார். ஆழ்வார்பேட்டைப் பட்டறையில் துரைமார் கார்களுக்கு மெத்தை தைக்கிற கை, சும்மா இருக்குமா? படுக்க மேலே இரண்டு பலகை, கீழே இரண்டு பலகை, ஸ்டவ் வைக்கத் தகர மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட சீட்டித் துணி.

"இன்னா ஜமீலா, உன் ஊட்டவிட நல்லா கீதா?" என்கிறார். என் வீடு என்னவோ அவர் வீடு இல்லாதது போல.

எல்லாம் எங்கள் மகள் ஜஹீதாவுக்காக. ஆறு வயதுப் பெண் ஐப்பசியிலிருந்து இருமுகிறாள். இருமி இருமி முகம் நீலமாகிவிடுகிறது. இந்த உப்புக்காற்றில் வைத்திருந்தால் பிள்ளை தங்காது, ஒரு மாதமாவது மலையில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரைக்குள் இருக்கிற கோஷாப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மலையில் எந்த ஹோட்டலில் போய்த் தங்குவது? அதனால்தான் இந்த வண்டி.

பச்சை வர்ணத்துக்கு அடியில் அந்தச் சிவப்புச் சிலுவை இன்னும் லேசாகத் தெரிகிறது. இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னேன். மூன்று பூச்சு அடித்தாயிற்றாம்.

மே 4

தட்டுச் சட்டம் போட்டிருக்கிறோம். முன்னால் அவரும் அவர் தம்பி நூர் முஹம்மதுவும். பின்னால் நான், ஜஹீதா, நூருடைய பெண்டாட்டி சகினா. நடுவில் பலகை, பலகையில் சின்ன ஜன்னல், அதற்குத் திரை. சகினா என் வீட்டுக்காரர் எதிரில் வரமாட்டாள். ஆகவே அவர் திரையைத் தூக்கமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். பலகையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்தவேண்டும். இரண்டு தட்டினால் புறப்படவேண்டும்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் பேச்சக் கேக்கப் போறீங்க" என்றேன். சகினா சிரித்துப் புரையேறிவிட்டாள்.

மே 6, திங்கள் — வேலூர்

கிளம்பிவிட்டோம். வெயில் ஏற ஏற வண்டிக்குள் ஆஸ்பத்திரி வாடை வருகிறது. சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி போட்ட ஆஸ்பத்திரி போல ஆயிற்று. ஜஹீதா நாலு தடவை வாந்தி எடுத்தாள்.

மே 7 — சேலத்துக்கு இந்தப் பக்கம்

பொட்டல் வெளியில் வண்டி நின்றது. "இன்னாத்துக்கு நிறுத்தச் சொன்னே?" என்று முன்னாலிருந்து குரல். நான் தட்டவில்லை. சகினா தூங்குகிறாள். ஜஹீதா என் மடியில்.

கல் தெறித்திருக்கும் என்றார் நூர். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு கல் தெறித்தது.

மே 8, புதன் — ஏற்காடு

இதை இன்றே எழுதிவிடவேண்டும்.

மலை ஏறும் வழியில் ஓர் ஓடை. மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. தண்ணீர் பிடிக்க நிறுத்தினோம். நாங்கள் இறங்கினால் ஆண்கள் இருவரும் முன்பக்கமாய்ப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், அதுதான் வழக்கம். ஜஹீதா இருமி ஓய்ந்து மேல் பலகையில் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. நானும் சகினாவும் குடத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனோம். குடம் பாதி நிறைந்திருக்கும். வண்டி புறப்படுகிற சத்தம்.

ஓடிவந்தேன். வண்டி மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பிள்ளை உள்ளே தனியாக இருக்கிறாளே, இருமல் வந்தால் தூக்கி உட்காரவைக்க ஆளில்லையே, மூச்சு முட்டிவிடுமே — இது ஒன்றுதான் தலைக்குள். புர்கா காலைத் தட்டியது. கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். சகினா பின்னால் அழுதுகொண்டே வந்தாள். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, எத்தனை என்று தெரியாது.

வண்டி ரோட்டோரம் நின்றிருந்தது. அவர் கீழே இறங்கி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு ஜமீலா. நல்லா கேட்டுச்சு. ஏறிட்டீங்கன்னுதான் எடுத்தேன். மேல வந்துக்கினே இருக்கேன், உள்ள ஆம்பள இருமுற சத்தம். ஆம்பளடீ! அப்பத்தான் திரையத் தூக்கினேன்."

உள்ளே பாய்ந்தேன். ஜஹீதா கீழ்ப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து தானாக இறங்க அவளுக்கு எட்டாது. கையில் காலி டம்ளர்.

"அந்த அண்ணன் தண்ணி கேட்டாரும்மா. குடுத்தேன்."

எந்த அண்ணன் என்று கேட்டேன். மேல் பலகையைக் காட்டினாள். அவளுடைய போர்வை அங்கே ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. மடித்தது நானில்லை.

மே 9

இரவு முழுக்க இருமவில்லை. நான்தான் தூங்கவில்லை.

மே 14

பத்து நாளைக்கு முன் எழுந்து நிற்க முடியாத பெண் இன்று ஏரிக்கரையைச் சுற்றி ஓடுகிறாள். ஆரஞ்சுத் தோட்டம் பார்த்தோம், அருவி பார்த்தோம், சீமாட்டிகள் உட்கார்ந்து பார்க்கும் பாறையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்தோம். அவர் எல்லாம் மலைக்காற்று என்கிறார். டாக்டர் சொன்னது பலித்ததாம். நானும் தலையாட்டினேன். சந்தோஷப்படத் தெரியாதவள் என்று பேர் எடுக்கவேண்டாம்.

மே 20

எல்லோரும் வெளியே அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம், சகினா மட்டும் என் முதுகுக்குப் பின்னால் மறைவாக. எண்ணிப் பார்த்தேன், எல்லோரும். வண்டிக்குள் இருமல். நெஞ்சைக் கிழிக்கிற வறட்டு இருமல்.

நூர் ஓத ஆரம்பித்தார். சகினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜஹீதா மட்டும் சோளம் தின்றுகொண்டே சொன்னாள்: "என்னோடதும் அவரே வாங்கிக்கினாரும்மா. பாவம், ரெண்டு பேர் இருமல்."

இன்றிலிருந்து வெளியில் கூடாரம் அடித்துப் படுக்கிறோம். வீடு சும்மா நிற்கிறது, நாங்கள் புல்தரையில்.

ஜூன் 2, ஞாயிறு — மயிலாப்பூர்

வந்து சேர்ந்தோம். வரும் வழியெல்லாம் ஜஹீதாவை என் புர்காவுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு வந்தேன். வண்டியை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் விட்டிருக்கிறார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு, என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று எங்களையே கேட்கிறார்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த இருமல் வருகிறது. தெருவில் யாரும் காதில் வாங்கவில்லை. தெருவில் இருமாதவர் யார்?

ஜூன் 11

வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வந்தார். தியாகராய நகரில் துணிக்கடை, மதுரைப் பக்கத்து ஆள், வெள்ளைச்சாமி என்று பேர். "திருவிழா திருவிழாவாப் போயிரலாம் பாய். துணி மூட்டையும் ஆச்சு, பொண்டாட்டி பிள்ளையும் ஆச்சு" என்று ஒரே உற்சாகம். கூடவே அவர் மகன், ஜஹீதா வயதுதான் இருக்கும். வண்டிக்குள் ஏறி மேல் பலகையில் குதித்தான்.

கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொலையட்டும் என்றுதான் காலையிலிருந்து அல்லாவிடம் துஆ கேட்டேன். போய்விட்டால் அந்த இருமல் அந்தப் பையனுக்குப் போகுமா? இல்லை, வண்டி போன அன்றே என் பெண்ணிடம் திரும்பி வருமா? யாரைக் கேட்பது இதை?

"குடுக்கிறதா இல்லன்னு சொல்லுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளி ஆண் காதில் என் குரல் விழுந்தது இதுதான் முதல் தடவை. அவர் வெள்ளைச்சாமியிடம் ஏதேதோ சமாளித்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து, "என் மானத்த வாங்கிட்டே" என்றார். சாப்பிடாமலே பட்டறைக்குப் போய்விட்டார்.

ஜூன் 12

பேச்சில்லை.

ஜூன் 15, சனி

காலையிலிருந்து மழை. பகலிலேயே ஆரம்பித்துவிட்டது இருமல். நிற்கவே இல்லை. காதில் பஞ்சு வைத்தேன், மாவு இடித்தேன். ஜஹீதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு அம்மா இல்லியா?" என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. இத்தனை நாளும் அதைப் பயந்து பயந்து கேட்டேனே தவிர, எப்படி இருமுகிறது என்று கேட்டேனா? பக்கத்துப் படுக்கைக்காரரை எழுப்பிவிடக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல் அது. பட்டாளத்துக்குப் போன வயசுப் பிள்ளை. இருபதுகூட இருக்காது.

பிள்ளையைச் சகினாவிடம் விட்டுவிட்டுப் போனேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ, என் மூலமாக ஜஹீதாவுக்கே திரும்பிவிடுமோ என்று உயிர் துடித்தது. துடிக்கத் துடிக்கத்தான் படியேறினேன்.

உள்ளே யாரும் இல்லை. கூரை ஒழுகி மேல் பலகை நனைந்திருந்தது. இருமல் என் முகத்துக்கு நேரே வந்தது. கையை நீட்டி, முதுகு இருக்கவேண்டிய இடத்தில் மெல்லத் தட்டிக்கொடுத்தேன். ஈர மெத்தைதான். ஆனால் கைக்குச் சூடு தெரிந்தது. "ஒன்னுமில்ல ராஜா, ஒன்னுமில்ல. அம்மா கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு, தூங்குகிற பிள்ளை விடுமே, அந்த மாதிரி. உட்கார்ந்து அழுதேன். எந்த ஊரில் எந்தத் தாய் தந்திக்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ.

வந்ததும் குளித்துவிட்டு ஜஹீதாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். நாலு நாளாகப் பேசாதவர், வாசலிலேயே நின்று, "வண்டில இன்னிக்கு சத்தமே காணோமே? யாருதான் ஜமீலா அது?" என்றார்.

"நம்ம ஊட்டுப் புள்ளதான். தூங்குது" என்றேன். "கூரை ஒழுகுது."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பட்டறைக்குப் போய்த் தார்ப்பாயை எடுத்துவந்து, மழையில் நனைந்துகொண்டே வண்டியின் மேல் ஏறி, சத்தம் போடாமல் இழுத்துக் கட்டினார்.