புள்ளிக்குப் பின்னால் வரும் பெயர்

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் தூறல். கொம்பியூட்டரில் இடமில்லை. உள்ளே முழுக்க இறந்தவர்கள். ஆளுக்கொரு கோப்புறை: படங்கள், தேவாரம் அல்லது செபம், உறவினர் பட்டியல். இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் அச்சிடும் கடை எங்களுடையது. போன மாதம் ஒருவரின் கல்வெட்டில் வேறொருவரின் மனைவி படம். முதலாளி பாலா அண்ணைக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"ஒராளோடை ஒராள் கலக்கப்படாது. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கட்டி வையும்."

கட்டினேன். நாற்பது வரிக் கணினி நிரல். கறுப்புத் திரையில் ஒரு சொல் தட்டினால் ஒவ்வொரு கோப்புறையும் ஒரு சுருக்கக் கோப்பாகும். மூலம் அழியும். பெயர்: தனி. பொத்தான் இல்லை, அலங்காரம் இல்லை, கேள்வி கேட்காது. எனக்குப் பிடித்த குணங்கள்.

கேட்டது ஜெயந்தி அக்காதான். படங்களை ஸ்கான் செய்து கோப்புறைக்குப் பெயர் வைப்பவர், கரவெட்டியிலிருந்து தினமும் பஸ்.

"திறந்து பாக்காமல் ஏன் தம்பி அழிக்கிறீர்?"

"இடம் வேணுமெண்டுதானே அக்கா. உங்களுக்கு விளங்காது."

எண்டர் விசையை அவரையே தட்டச் சொன்னேன். சாமிப் படத்தைத் தொடுவதுபோல் ஒற்றை விரலால் தட்டினார். சிரித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. சப்பாத்து ஊறி நாற்றம்.

குருநகரிலிருந்து மனுவேல் ஐயா. மகள் டெல்சியா, பத்தொன்பது வயது. ஞாயிறு முப்பத்தோராம் நாள் பூசை. கல்வெட்டுக்குப் படம் தெரிவுசெய்ய வந்திருந்தார்.

ம.டெல்சியா என்று தேடினேன். இல்லை. 'ம' என்று மட்டும் ஒரு கோப்பு. திறந்தேன். வெற்றிலைப் பல்லோடு ஒரு கிழவர் சிரித்தார். ம.வேலுப்பிள்ளை.

செவ்வாய்க்குப் பிறகு பட்டியலைப் பார்க்கவே இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கோப்பின் வகை என்று எண்ணி வெட்டியிருக்கிறது என் நிரல். ம.டெல்சியா, ம.பிலோமினா, ம.வேலுப்பிள்ளை. மூவரும் 'ம'. ஒருவர்மேல் ஒருவர் எழுதப்பட்டு, கடைசி ஆள் மட்டும் மிச்சம். க, சி, பொ, எல்லா எழுத்திலும் இதே கதி. இங்கே தகப்பனின் எழுத்தும் புள்ளியும் இல்லாமல் மரண அறிவித்தல் உண்டா? எனக்குத் தெரியாததா?

"பிள்ளையின்ரை ஃபோனைக் கொண்டு வாங்கோ ஐயா, திரும்ப எடுப்பம்."

"ஃபோனை அவளோடை சவப்பெட்டிக்குள்ளை வைச்சிட்டம் தம்பி. அவள் அதை விட்டிட்டு இருக்கமாட்டாள். உங்களிட்டைப் படம் கிடக்கெண்டுதானே வைச்சனாங்கள்."

அவர் போனபின் பாலா அண்ணை: "ஆர் தட்டினது?"

"நான்தான் அண்ணை," என்றார் அக்கா. "தம்பி சொல்லித்தான்..."

"பேருக்குள்ளை புள்ளி வைச்சது ஆர்?" இது நான். குரல் நடுங்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார்.

"அதுவும் நான்தான்."

நவம்பர் 14, வெள்ளி

வெயில். அழிந்ததை மீட்கும் மென்பொருள், காலை முழுக்க.

மீண்டவை:
ஒரு காது.
பிறந்தநாள் கேக், பாதி.
மிச்சம் சாம்பல் கட்டங்கள்.

அக்கா வரவில்லை. இனி வரவேண்டாமாம். "படிச்ச பிள்ளை செய்த சாமானை உவள் கெடுத்துப்போட்டாள்," என்றார் பாலா அண்ணை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

நிரலைத் திருத்தினேன். ஒரு வரி, இரண்டு நிமிடம். சோதித்தேன். புள்ளி வைத்த பெயர்களெல்லாம் முழுதாக வந்தன. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பின்னேரம் அக்காவின் செய்தி: "தம்பி, அந்த ஐயாவுக்கு ஒரு படமாவது கிடைச்சுதோ?"

பார்த்தேன். பதில் போடவில்லை.

நவம்பர் 15, சனி

வானம் மப்பு. கல்வெட்டு தயார். அட்டையில் மரண அறிவித்தலுக்கு எடுத்த அடையாள அட்டைப் படம், பெரிதாக்கியது, முகம் முழுக்கப் புள்ளி. உள்ளே மெழுகுதிரி, ரோசாப்பூ, புறா. இணையத்தில் எடுத்தவை.

மனுவேல் ஐயா பக்கம் பக்கமாகப் புரட்டினார். புறாவில் நின்றார்.

"நேற்றுக் காலமை முழுக்கத் தேடினியளாம். முதலாளி சொன்னவர். இஞ்சை வேலை செய்த அந்தப் பிள்ளைதானாம் அழிச்சது."

"ஓம்," என்றேன்.

நாளைக்குப் பூசைக்குக் கட்டாயம் வரவேண்டுமாம். அழைப்பிதழ் உறையை என் மேசையில் வைத்துப் பேனையை எடுத்தார்.

"தம்பியின்ரை பேர்?"

"நிமலன்."

"இனிஷல்?"

"ச."

எழுதினார். புள்ளியை அழுத்தி வைத்தார். மை மறுபக்கம் ஊறியது.